செவில்லாவில் ஃபிளமெங்கோ: விருந்தோடு சேர்த்து எடுக்கலாமா, தனியாகவா?

நிலாமுற்றம்:

அக்டோபர் கடைசி வாரம் ஸ்பெயின் போகிறோம், நான், கணவர், மாமியார் மூன்று பேரும். முதலில் மாட்ரிட், அப்புறம் ரயிலில் செவில்லா. ஃபிளமெங்கோ என்ற ஸ்பானியப் பாட்டு, ஆட்டக் கலையை ஒரு முறையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று கல்லூரி நாளிலிருந்து ஆசை, அதனால் இதை அரைகுறையாகச் செய்ய மனம் இல்லை. தங்கப்போகும் ஹோட்டலில் "நேரடி ஃபிளமெங்கோவும் பாரம்பரிய ஸ்பானிய விருந்தும்" என்று சேர்த்து ஒரு ஏற்பாடு சொல்கிறார்கள், தலைக்கு 80 யூரோவுக்கு மேல் வருகிறது. நிகழ்ச்சி மட்டும் என்றால் செவில்லாவில் 25 யூரோ அளவில் டிக்கெட் இருக்கிறது. சேர்த்து எடுப்பதா, தனித்தனியாகவா? மாமியார் மீன், கறி தொடமாட்டார், முட்டை பரவாயில்லை. இரவு வெகுநேரம் வெளியே இருப்பதும் அவருக்கு ஆகாது. போய் வந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

ஊர்சுற்றி_மதுரை:

சேர்த்தே எடுங்கள், தயங்க வேண்டாம். நாங்கள் மாட்ரிட்டில் ஒரு பழைய இடத்தில் அப்படித்தான் பார்த்தோம். மேடைக்குப் பக்கத்திலேயே மேசை. முதலில் குளிர்ந்த தக்காளி சூப்பான காஸ்பாச்சோ, பிறகு மெல்லிசாகச் சீவிய ஹமோன் என்ற உப்பிட்ட பன்றித் தொடைக் கறி, குரோக்கெத்தா என்ற சூடான பொரித்த உருண்டை, கடைசியில் மாட்டு வால் குழம்பு. அந்த வால் கறி சிவப்பு வைனில் மணிக்கணக்கில் வெந்து, முள்கரண்டி பட்டதும் எலும்பை விட்டுக் கழன்று விழுகிறது, அதன் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. தட்டுகளை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் கிதார்காரர் மேடைக்கு வந்தார். நாள் முழுக்க நடந்து கால் ஓய்ந்த பிறகு, சாப்பாட்டுக்கு ஒரு இடம், நடனத்துக்கு இன்னொரு இடம் என்று பெரியவர்களை இழுத்துக்கொண்டு அலைவது பெரும் பாடு. ஒரே நாற்காலியில் இரண்டும் முடிகிறது என்றால் அதற்குக் கூடுதலாகக் கொடுப்பதில் தப்பே இல்லை.

செங்காந்தள்:

நான் மாட்ரிட்டிலேயே இருப்பவள், வேலை வேறு என்றாலும் மாலையானால் கால் இங்குள்ள தப்லாவோக்களின் (ஃபிளமெங்கோ மேடையுள்ள அரங்குகள்) பக்கம்தான் போகும். மதுரைக்காரர் சொன்னதில் ஒரு வரி மிக முக்கியம், அதை எல்லோரும் கவனிக்க வேண்டும்: தட்டுகளை எடுத்த பிறகு கிதார்காரர் வந்தார் என்றாரே, அதுதான் எல்லாமே.

எல்லா இடத்திலும் அப்படி நடப்பதில்லை. ஊரிலிருந்து வந்தவர்களை ஒரு பெரிய கூடத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன், பெயர் வேண்டாம். பாடகர் கண்ணை மூடிக்கொண்டு, கிதார் கூட இல்லாமல், வெறும் குரலில் ஒரு மார்த்தினேத்தே பாடிக்கொண்டிருக்கிறார். கொல்லர் பட்டறையில் பிறந்த பாட்டு அது, சுத்தியல் அடி ஒன்றுதான் துணை. அந்த நேரத்தில் பரிமாறுபவர் குனிந்து, பாயேயா சோறு யாருக்கு, மீன் யாருக்கு என்று கேட்கிறார். பக்கத்து மேசையில் பில் கேட்கிறார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, பாட்டுக்காக இல்லை, பாடியவருக்காக.

அதனால் என் பதில் இதுதான். சேர்த்து எடுப்பது தப்பில்லை, சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பதுதான் தப்பு. பணம் கட்டுமுன் ஹோட்டல்காரரிடமோ தப்லாவோவிலோ சாப்பாடு நிகழ்ச்சிக்கு முன்னால் முடிந்துவிடுமா என்று நேராகக் கேளுங்கள். எத்தனை பேர் உட்காரும் இடம் என்றும் கேளுங்கள். இருநூறு முந்நூறு பேர் என்றால் பின்வரிசையில் உட்கார்ந்து ஒலிபெருக்கியைத்தான் கேட்பீர்கள். அன்றைக்கு ஆடப்போவது யார், பாடப்போவது யார் என்று பெயர் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். நல்ல இடங்கள் கலைஞர்களின் பெயரை முன்கூட்டியே போட்டுவிடும், ஏனென்றால் அங்கே வருகிறவர்கள் அந்தப் பெயருக்காகத்தான் வருகிறார்கள்.

நிலாமுற்றம்:

இது எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி அக்கா. இன்னொரு குழப்பமும் இருக்கிறது. என் தோழி ஒருத்தி, தப்லாவோ எல்லாமே சுற்றுலாப் பயணிகளுக்காகப் போடும் கடை, அசல் ஃபிளமெங்கோ பார்க்க வேண்டுமென்றால் கிரனாடாவில் சாக்ரோமொந்தே குகைகளுக்குப் போ என்கிறாள். எங்கள் பயணத்தில் கிரனாடா இல்லை. அப்படியென்றால் நாங்கள் பார்க்கப்போவது போலியா?

கரிசல்மண்:

தோழி சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சாக்ரோமொந்தே குகைகளில் நடக்கும் சம்ப்ரா என்ற ஹிதானோ மக்களின் ஆட்டம் அருமையானது, வெள்ளையடித்த சுவர், கூரையில் தொங்கும் செம்புப் பாத்திரங்கள், முழங்காலில் இடிக்கும் தூரத்தில் ஆட்டம், எல்லாம் உண்மை. ஆனால் அங்கேயும் இன்று பெரும்பாலும் வருவது பயணிகள்தான், ஹோட்டல் வாசலிலிருந்து வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்குகிறார்கள். குகை என்பதால் அசல், மேடை என்பதால் போலி என்று ஒரு கோடு கிழிக்க முடியாது.

வரலாற்றைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஃபிளமெங்கோ காசு வாங்கிக்கொண்டு மேடையேறியது நேற்று இன்று அல்ல. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் செவில்லா, ஹெரெஸ், மாலகா, மாட்ரிட் எல்லாவற்றிலும் கஃபே கந்தாந்தே என்ற பாட்டுக் கடைகள் இருந்தன. மேசையில் மது, எதிரே மேடை. சில்வெரியோ ஃபிராங்கொனெத்தி என்ற பெரும் பாடகர் செவில்லாவில் சொந்தமாகவே ஒரு கடை நடத்தினார். இன்று நாம் கேட்கிற பாட்டு வகைகளில் பல அந்தக் கடைகளில்தான் உருத்திரண்டன, கிதார்காரரும் ஆடுபவரும் தொழில்முறைக் கலைஞர்களாக வளர்ந்ததும் அங்கேதான்.

1922இல் கிரனாடாவில், அல்ஹம்ப்ரா வளாகத்தில் ஒரு போட்டி நடந்தது. இசையமைப்பாளர் மனுவேல் தெ ஃபாயாவும், அப்போது இளைஞராக இருந்த கவிஞர் லோர்காவும் முன்னின்று நடத்தியது. வியாபாரம் கலையைக் கெடுக்கிறது, ஆழ்ந்த பாட்டைக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் நோக்கம், அதனால் தொழில்முறைப் பாடகர்கள் பெரும்பாலும் கலந்துகொள்ள முடியாதபடி விதி வைத்தார்கள். அதில் பரிசு வாங்கியவர்களில் ஒருவன் பதின்மூன்று வயதைக்கூட எட்டாத செவில்லாச் சிறுவன். மனோலோ கரகோல் என்று நாடறிந்த பாடகன் ஆனது அவன்தான். அதே கரகோல் 1963இல் மாட்ரிட்டில் சொந்தத் தப்லாவோ திறந்தார். கமரோன் தெ லா இஸ்லாவை எடுத்துக்கொள்ளுங்கள், ஃபிளமெங்கோவில் அவருக்கு மேல் ஒரு பெயர் இல்லை என்று பலர் சொல்வார்கள். 1968இல் தொடங்கிப் பல ஆண்டுகள் மாட்ரிட்டின் தோரெஸ் பெர்மெஹாஸ் தப்லாவோவில் இரவுக்கு இரவு பாடினார். எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டுப் பயணிகளாக இருந்திருப்பார்கள். அதனால் அந்தப் பாட்டு போலியாகிவிட்டதா? கேட்பவர் யார் என்பதில் இல்லை விஷயம், அவர்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

மணிமேகலை82:

வணக்கம், புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். ஃபிளமெங்கோ நம் கதக்கிலிருந்துதான் போனது என்று படித்தேன், காலடி, சுழற்சி எல்லாம் அப்படியே இருக்கிறதே. அதைப் பற்றி யாராவது எழுதுங்கள்.

கரிசல்மண்:

வாருங்கள். இதைப் பலரும் கேட்கிறார்கள், அதனால் சற்று நீளமாகவே சொல்கிறேன்.

ஸ்பெயினில் ஹிதானோ எனப்படும் ரோமா மக்களின் மூதாதையர் இந்தியாவின் வடமேற்கிலிருந்து சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டவர்கள் என்பதில் சந்தேகமில்லை, அவர்கள் மொழியே சாட்சி. 1425இல் அரகோன் அரசர் ஐந்தாம் அல்ஃபோன்சோ அவர்களில் ஒரு குழுவின் தலைவருக்குக் கொடுத்த பயண அனுமதிதான் அங்கே அவர்களைப் பற்றிய மிகப் பழைய ஆவணம். ஆனால் இன்று நாம் பார்க்கும் கதக் உருவெடுத்தது முகலாய அரசவைகளிலும் பின்னர் லக்னோ, ஜெய்ப்பூர் அரசவைகளிலும். ரோமா மக்கள் கிளம்பி நூற்றாண்டுகள் கழித்து. ஆகவே கதக் போய் ஃபிளமெங்கோ ஆனது என்பது காலக்கணக்கிலேயே நிற்காது.

ஃபிளமெங்கோ தென் ஸ்பெயினின் அந்தலூசியாவில், 18ஆம் நூற்றாண்டின் இறுதிக்கும் 19ஆம் நூற்றாண்டுக்கும் இடையில், செவில்லாவின் திரியானா, ஹெரெஸ், காடிஸ் என்ற சின்ன முக்கோணத்துக்குள் பிறந்தது. அந்த ஊர்களின் நாட்டுப் பாட்டு, அரபு ஆட்சிக் காலத்து இசையின் எச்சம், அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலில் வந்த தாளங்கள், எல்லாவற்றையும் ஹிதானோ குடும்பங்கள் தங்கள் குரலில் வாங்கிக் காய்ச்சி எடுத்தார்கள். 1749 ஜூலையில் அரசாணையின் பேரில் ஒரே நேரத்தில் நாடெங்கும் ஆயிரக்கணக்கான ஹிதானோக்களைப் பிடித்து, ஆண்களைக் கப்பல் தளங்களில் கட்டாய வேலைக்கு அனுப்பினார்கள், பெண்களையும் குழந்தைகளையும் தனியாக அடைத்தார்கள். செகிரியா என்ற சோகப் பாட்டு வகையும் சிறைப் பாட்டுகளும் ஏன் அப்படிக் குரலைக் கிழித்துக்கொண்டு வருகின்றன என்பது இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் வேறு மாதிரி இருக்கும். இவ்வளவு பட்டு இவர்கள் உண்டாக்கியதை நாம் நம்முடையது என்று எடுத்துக்கொள்வது நியாயம் இல்லை என்பது என் கருத்து.

தாளக்கட்டு:

நான் மிருதங்கம் வாசிப்பவன். வரலாறு கரிசல்மண் சொன்னபடியே இருக்கட்டும், தாளத்தைப் பற்றி நான் சொல்கிறேன், நிலாமுற்றம் போவதற்கு முன் இது தெரிந்தால் ரசிப்பது இரண்டு மடங்காகும்.

சொலேயா, அலெக்ரியாஸ், புலேரியாஸ் என்ற பாட்டு வகைகள் மூன்றும் 12 எண்ணிக்கைச் சுற்று. அழுத்தம் விழும் இடம் 3, 6, 8, 10, 12. அதாவது முதலில் இரண்டு மூன்றுகள், அப்புறம் மூன்று இரண்டுகள். விரலால் தட்டிப் பாருங்கள், பாதியில் நடை மாறுவது கைக்கே தெரியும். இதில் முத்தாய்ப்பு பெரும்பாலும் 10இல் வந்து விழும், நாம் சமத்துக்கு, அதாவது சுற்றின் முதல் அடிக்கு, காத்திருந்து பழகியவர்கள், அதனால் முதலில் ஒரு படி தவறியது போல் இருக்கும். செகிரியாவில் அதே 12, ஆனால் வேறு இடத்தில் தொடங்கி 2, 2, 3, 3, 2 என்று நொண்டி நடக்கும். தாங்கோஸ் மட்டும் நேரான 4, புதிதாகக் கேட்பவர்களுக்கு அதுதான் எளிது.

இதையெல்லாம் யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கைதட்டுபவர்கள்தான். சாதாரணமாகத் தட்டுவது இல்லை அது. பாட்டு நடக்கும்போது இரண்டு உள்ளங்கைகளையும் குழித்து மங்கலாகத் தட்டுவார்கள், ஆட்டம் சூடேறியதும் ஒரு கையின் விரல்களை மறு உள்ளங்கையில் சுரீரென்று அறைந்து கூர்மையான ஒலியை எழுப்புவார்கள். ஒருவர் தாளத்தில் தட்ட, இன்னொருவர் நடுவில் விழும் இடைவெளியில் தட்டுவார். பக்கத்தில் ஒருவர் கஹோன் பெட்டி மேல் உட்கார்ந்து வாசிப்பார். அது பெரு நாட்டு வாத்தியம், 1970களின் இறுதியில் கிதார் கலைஞர் பாக்கோ தெ லூசியா கொண்டுவந்து சேர்த்தது. பழமையானது என்று பலரும் நினைக்கும் காஸ்தனெட் கட்டைகளை நீங்கள் அநேகமாகப் பார்க்கமாட்டீர்கள், விரல் சொடுக்கும் உள்ளங்கையுமே போதும்.

தயவுசெய்து பார்வையாளர்கள் சேர்ந்து கைதட்ட வேண்டாம். ஒரு அடி பிசகினாலும் மேடையில் இருப்பவர்களுக்கு அது முதுகில் குத்துவது போல. பிடித்திருந்தால் "ஒலே" சொல்லுங்கள், அதுவும் ஒரு வரி முடிந்து மூச்சு விடும் இடத்தில்.

செங்காந்தள்:

அருமையாகச் சொன்னீர்கள். ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். தப்லாவோவில் அன்றைய குழு அன்றுதான் கூடியிருக்கக்கூடும், ஒத்திகை என்று பெரிதாக எதுவும் இருக்காது. ஆடுபவர் காலால் ஒரு அழைப்புத் தட்டினால் பாடகர் அடுத்த அடியைத் தொடங்குவார், கால் வேலை தொடங்கினால் பாட்டு நின்று கிதார் பின்னால் ஓடும், வேகத்தைக் கூட்டுவதும் நிறுத்துவதும் ஆடுபவர் கால்தான். அதனால் பக்கவாட்டு இருக்கை கிடைத்தால் விடாதீர்கள், கிதார்காரரின் கண் எங்கே இருக்கிறது என்று அங்கிருந்துதான் தெரியும்.

ஊர்சுற்றி_மதுரை:

இவ்வளவு பேர் சொன்ன பிறகும் சாப்பாட்டை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மாட்ரிட்டில் கொர்ரால் தெ லா மொரெரியா என்ற தப்லாவோ 1956இலிருந்து நடக்கிறது, அங்கே மிஷலின் நட்சத்திரமே வாங்கியிருக்கிறார்கள். நல்ல சாப்பாடும் நல்ல ஆட்டமும் ஒரே கூரையின் கீழ் இருக்க முடியும் என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்?

செங்காந்தள்:

மறுக்கவில்லை, அங்கே ஆடுபவர்கள் முதல் தரம், சமையலும் அப்படியே. அந்த நட்சத்திரம் உள்ளே சில மேசைகள் மட்டும் போட்ட தனி உணவறைக்கு என்பதை மட்டும் தெரிந்துகொண்டு பணம் கட்டுங்கள், விலையும் அதற்கேற்ப இருக்கும். ஆனால் இவர்கள் மாமியாரோடு போகிறார்கள், சைவம். சமையல்காரரே தேர்ந்து வரிசையாகத் தரும் விருந்தில் அவருக்கு எது தேறும் என்பதை யோசிக்க வேண்டும்.

சைவத்துக்கு அந்தலூசியா கெட்ட ஊர் இல்லை, ஆனால் கேட்டு வாங்கத் தெரிய வேண்டும். கறி வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது, டூனா மீனும் ஹமோன் துண்டும் கறிக் கணக்கில் வராது என்று நினைக்கிற பரிமாறுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மீனும் வேண்டாம், ஹமோனும் வேண்டாம் என்று பிரித்துப் பிரித்துச் சொல்லுங்கள். சல்மொரேஹோ என்று கோர்தோபாவின் தக்காளிக் கூழ் ஒன்று, ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து அரைத்துக் குளிர வைத்தது, அதன் மேலே ஹமோனைத் தூவித்தான் கொண்டுவருவார்கள், "சின் ஹமோன்" என்றால் முட்டை மட்டும் போட்டுத் தருவார்கள். குரோக்கெத்தா வேண்டாம், உள்ளே பெரும்பாலும் ஹமோன் அல்லது பக்காலாவோ மீன். உருளைக்கிழங்குத் தோர்த்தியா, அதாவது முட்டை அடை, தாராளமாகச் சாப்பிடலாம். கத்தரிக்காயை மெலிதாக நறுக்கி மாவில் புரட்டிப் பொரித்து மேலே கரும்புப் பாகு ஊற்றித் தருவார்கள், மாலகா பக்கம் ஃப்ரிஹிலியானா என்ற ஊரில் அந்தப் பாகை இன்றும் காய்ச்சுகிறார்கள். செவில்லாவின் பசலைக்கீரையும் கொண்டைக்கடலையும் கண்டிப்பாக வாங்கிக் கொடுங்கள், சீரகம், பூண்டு, வறுத்து அரைத்த ரொட்டி, மிளகாய்ப் பொடி எல்லாம் சேர்ந்தது, சாதம் இல்லை என்ற குறை மட்டும்தான் இருக்கும். பாயேயாவைத் தப்லாவோவில் கேட்காதீர்கள், அது வலென்சியாவின் மதியச் சாப்பாடு, இரவில் கிடைப்பது அநேகமாகச் சூடு பண்ணியது.

குடிப்பதென்றால் ஹெரெஸின் ஃபினோ வைனோ சன்லூகாரின் மன்சனியா வைனோ சில்லென்று, சின்னக் கண்ணாடியில். குடிக்காதவர்களுக்குத் திராட்சைச் சாறு, மாமியாருக்குப் பிடிக்கும்.

நேரம் பற்றி: செவில்லாவில் மாலை 7 மணி வாக்கில் ஒரு காட்சி பல இடங்களில் இருக்கிறது. ஒரு மணி நேரம் அல்லது அதற்குச் சற்றுக் கூடுதல். சமையலறைகள் இரவு 8, 8:30க்குத்தான் திறக்கும். ஆகவே பார்த்துவிட்டு நடந்து போய்ச் சாப்பிட்டால் 10 மணிக்குள் அறைக்குத் திரும்பலாம். குனா தெருவில் காசா தெ லா மெமோரியா, நடனக் கலைஞர் கிறிஸ்தினா ஓயோஸ் தொடங்கிய நடன அருங்காட்சியகம், சாந்தா குரூஸ் சதுக்கத்தில் 1966இலிருந்து இருக்கும் லோஸ் காயோஸ், மூன்றும் மையத்திலேயே நடக்கும் தூரத்தில்.

நிலாமுற்றம்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஹோட்டல்காரரிடம் கேட்டேன், சாப்பாடு நிகழ்ச்சி நடக்கும்போதுதான் பரிமாறுவார்களாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். செவில்லாவில் 7 மணிக் காட்சிக்கு மூன்று டிக்கெட் எடுத்தாயிற்று.

நிலாமுற்றம்:

போய் வந்தோம்! வந்ததும் எழுத வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போய்விட்டது.

பழைய வீட்டு முற்றம் ஒன்றில், சுற்றிலும் நாற்காலி, மைக் இல்லை. பக்கவாட்டில் உட்கார்ந்தோம், அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. கிதார்காரர் நிகழ்ச்சி முழுவதும் அந்தப் பெண்ணின் குதிகாலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் சுழன்றபோது அடியில் பார்த்தேன், செருப்பின் முனையிலும் குதியிலும் ஆணிகள் நெருக்கமாக அடித்து, தேய்ந்து பளபளவென்று இருந்தன. நான் ஆட்டத்தை எதிர்பார்த்துப் போனேன், ஆனால் என்னை அசைத்தது பாடகர். தொப்பையும் நரைத்த தாடியுமாக நாற்காலியில் கையை முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தார், "ஆய்" என்று எடுத்தபோது கழுத்து நரம்பு புடைத்து, குரல் இரண்டாகப் பிளந்தது. அதன் பிறகு அவள் கையை உயர்த்தியதெல்லாம் அந்தக் குரலுக்குப் பதில் சொல்வது மாதிரியே இருந்தது.

மாமியார் சின்ன வயதில் பாட்டு கற்றவர். தாளக்கட்டு எழுதியதை ரயிலில் படித்துக் காட்டியிருந்தேன். சொலேயாவில் மடியில் விரல் வைத்துச் சரியாகப் போட்டுக்கொண்டு வந்தார், கடைசியில் அது புலேரியாஸாக வேகமெடுத்ததும் விட்டுப்போய்விட்டது, திரும்பப் பிடித்தார், திரும்ப விட்டது. வெளியே வந்து தெருவில் நடக்கும்போதும் 3, 6, 8, 10 என்று தட்டிக்கொண்டே வந்தார்.

சாப்பிட எல் ரின்கொன்சியோ போனோம், 1670இலிருந்து இருக்கிற கடை. பெஞ்சு கிடையாது, மரக் கவுண்டரில் சாய்ந்து நின்றே சாப்பாடு, நாம் வாங்க வாங்க அந்த மரத்திலேயே சாக்பீஸால் கணக்கு எழுதிக்கொண்டே போகிறார்கள், கடைசியில் துணியால் துடைத்துவிடுகிறார்கள். கீரையும் கடலையும் இரண்டு முறை வாங்கினோம், சீரக வாசனை வந்ததும் மாமியார் முகமே மாறிவிட்டது. மூன்று பேருக்கு நிகழ்ச்சியும் சாப்பாடும் சேர்த்தே ஹோட்டல்காரர் கேட்டதில் பாதிக்கும் குறைவாகத்தான் ஆனது.

இப்போது மாமியாரே கேட்கிறார், இன்னொரு முறை எப்போது என்று.

ஊர்சுற்றி_மதுரை:

படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது. அந்தச் சாக்பீஸ் கடையைக் குறித்துக்கொண்டேன்.

செங்காந்தள்:

அம்மாவைக் கட்டாயம் ஹெரெஸுக்குக் கூட்டிப் போங்கள். செவில்லாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தான். பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் வரை அங்கே நடன விழா, 1997இலிருந்து நடக்கிறது. செவில்லாவில் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் பியெனால் என்ற ஃபிளமெங்கோ விழா என்றால் இரட்டைப்படை ஆண்டுகளில் செப்டம்பர் வாக்கில். ஆனால் அவர் பாட்டுக்காரர் என்பதால் நான் டிசம்பரைத்தான் சொல்வேன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் ஹெரெஸின் முற்றங்களிலும் தெருக்களிலும் சம்போம்பா என்ற பாட்டுக் கூட்டம் நடக்கும், நெருப்பு மூட்டிச் சுற்றி நின்று ஊரே கிறிஸ்துமஸ் பாட்டுகளைப் புலேரியாஸில் பாடும், பல இடங்களில் டிக்கெட்டே கிடையாது. வார இறுதியில் மதியமே தொடங்கிவிடும், இரவு விழிக்க வேண்டிய தொல்லையும் இல்லை. அறை மட்டும் முன்னாலேயே எடுத்துவிடுங்கள், அந்த வாரங்களில் ஊர் நிரம்பிவிடும்.